எங்கள் டீச்சரின் டீச்சர்: ருக்மிணி தேவி அருண்டேல்

எமது கல்லூரியில் நடனம் பயின்ற எல்லோருக்கும் அந்தப் படம் ஞாபகமிருக்கும். நடன அறையின் கிழக்குச் சுவரில் நடராஜர் சிலைக்கு மேலே கறுப்புச் சட்டத்துக்குள் ஓர் அம்மா. நரைத்த தலைமுடி, பெரிய கரை வைத்த சேலை, நேராகப் பார்க்கும் கண்கள். வாணி விழாவன்று சரஸ்வதிக்கு மாலை போட்ட கையோடு அந்தப் படத்துக்கும் ஒரு பூச் செருகி விடுவோம். டீச்சரின் அம்மம்மா என்றுதான் நாங்கள் வெகுநாள் நினைத்திருந்தோம். சாதாரண தரப் பரீட்சைக்கு நடனத்தை ஒரு பாடமாக எடுத்த வருடத்தில்தான் அவர் ருக்மிணி தேவி என்பது தெரிய வந்தது. பரீட்சைக்கு வேண்டிய ஐந்தாறு வரிகளை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்தும் போனோம்.

நூற்றாண்டு மலருக்காக நடன வகுப்பைப் பற்றி எழுதும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் படம்தான். எமது டீச்சர் திருவான்மியூரில் படித்து வந்தவர். அவருக்குக் கற்பித்தவர்களுக்குக் கற்பித்தவர் ருக்மிணி தேவி. எனவே கண்டியில் வாவிக்குச் சற்று மேலே, மழைக்காலத்தில் தரை ஜில்லிடும் அந்த அறையில் நாங்கள் தட்டிய முதல் தட்டடவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

அவர் பிறந்தது மதுரையில், 1904ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் திகதி. நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் பிறந்தநாள். மதுரை என்றவுடன் கண்டிக்காரருக்கு ஒரு சொந்தம் தோன்றுவது நியாயம். எங்கள் கடைசி அரசர்கள் நால்வரும் நாயக்கர் வம்சத்தினர். அரண்மனைக்கு அரசிகள் மதுரைப் பக்கமிருந்துதான் வந்தார்கள். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியியலாளர். உத்தியோக மாற்றத்தால் குடும்பம் ஊர் ஊராகப் போனது. தாய் சேஷம்மாள் சங்கீதத்தில் பற்றுள்ளவர். தந்தை பிரம்மஞான சபையில் ஈடுபட்டு, ஓய்வு பெற்றபின் சென்னை அடையாற்றில் சபையின் தலைமையகத்துக்கு அருகே வீடு கட்டிக் குடியேறினார். பிரம்மஞான சபை எங்களுக்கும் புதியதல்ல. கேணல் ஒல்கொட் வந்ததும் அவருடைய சபையினர் பௌத்த பாடசாலைகளைத் தொடங்கியதும், அவற்றுள் ஒன்றாக 1887இல் கண்டி தர்மராஜா கல்லூரி எழுந்ததும் இந்நாட்டுச் சரித்திரப் பாடத்தில் உள்ளவைதான்.

அடையாற்றில் அன்னி பெசன்ட் அம்மையாரைச் சுற்றிப் பல நாட்டவர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜோர்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயர், கல்வியாளர். 1920இல் ருக்மிணி அவரை மணந்தார். அவருக்கு வயது பதினாறு. மாப்பிள்ளைக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. பிராமணக் குடும்பத்துப் பெண் வெள்ளைக்காரரை மணப்பதா என்று சென்னை கொந்தளித்தது. இன்றைக்கும் எம்மில் சிலர் வீட்டில் சொல்லாமல் செய்த கல்யாணங்களை வைத்துக்கொண்டு அன்றைய நிலைமையைக் கணக்கிடலாம். வயது வித்தியாசத்தைப் பற்றி எனக்கும் ஓர் உறுத்தல் உண்டு. ஆனால் அந்தக் கல்யாணம் அவருக்கு உலகத்தைத் திறந்து விட்டது என்பதும் உண்மை. கணவரோடு ஐரோப்பா, அவுஸ்திரேலியா என்று சுற்றினார்.

அந்தப் பயணங்களில்தான் நடனம் அவரைப் பிடித்தது, அதுவும் ரஷ்ய பலே மூலம். அன்னா பவ்லோவாவின் ஆட்டத்தை லண்டனில் பார்த்தார். 1928இல் பவ்லோவா பம்பாய்க்கு வந்தபோது மறுபடி பார்த்தார். பிறகு அருண்டேல் தம்பதியர் அவுஸ்திரேலியாவுக்குப் போன கப்பலிலேயே பவ்லோவாவின் குழுவும் போனது. கப்பலில் நாட்கள் நீளம், நட்பு வளர்ந்தது. பவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி பலே கற்கத் தொடங்கினார். உன் நாட்டுக் கலையை நீ போய்த் தேடு என்ற கருத்தில் பவ்லோவா அவருக்கு ஆலோசனை சொன்னார் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பிற்காலத்தில் பரதத்துக்கு அவர் கொடுத்த நேர்கோடு, கை நீட்டத்தின் அளவு, மேடை விளக்கு, உடையின் வெட்டு இவற்றிலெல்லாம் பலே பழகிய கண் தெரிகிறது. தன் கலையை வேறொரு கலையின் வாசல் வழியாகப் போய்ப் பார்த்தவர் அவர்.

அன்று சென்னையில் பரதநாட்டியம் என்ற பெயரே பழக்கத்தில் இல்லை. சதிர் என்பார்கள். கோயில்களோடு சேர்ந்த தேவதாசிப் பெண்கள் ஆடியது, அவர்களின் குடும்பங்களோடு இணைந்த நட்டுவனார்கள் கற்பித்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலானோர் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டார்கள். அதற்கான சட்டம் சென்னையில் 1947இல் வந்தது. வழக்கத்தோடு கலையும் அழிந்துவிடக் கூடாது என்று வாதாடியவர் ஈ. கிருஷ்ண ஐயர், ஒரு வழக்கறிஞர். அவருடைய முயற்சியால் சென்னை மியூசிக் அக்கடமி மேடையிலேயே சதிர் ஏறியது. 1933இல் அங்கே பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவிகளின் ஆட்டத்தை ருக்மிணி தேவி பார்த்தார். வயது இருபத்தெட்டு முடிந்து கொண்டிருந்தது. எங்களுக்கு ஐந்து வயதில் சேர்த்துவிடாவிட்டால் பிள்ளைக்கு உடம்பு வளையாது என்று சொல்லும் தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும்.

முதலில் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் போனார். கௌரி அம்மாள் கபாலீஸ்வரர் கோயிலோடு தொடர்புள்ள தேவதாசி மரபினர். அபிநயத்தில் அவருக்கு நிகரில்லை என்று பெயர். பாலசரஸ்வதிக்கும் அவர் கற்பித்திருக்கிறார். பிறகு கிருஷ்ண ஐயரின் உதவியோடு மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அணுகினார். தஞ்சை நால்வரின் பரம்பரையில் வந்த அந்த முதியவர் முதலில் தயங்கினார். தயக்கத்தில் நியாயமிருந்தது. பரம்பரைக்கு வெளியே இருந்து, அதுவும் கல்யாணமான, முப்பதை நெருங்கிய, வெள்ளைக்காரர் மனைவியான ஒரு பிராமணப் பெண். எத்தனை நாளைக்கு நின்று பிடிப்பாள் என்றுதானே எந்த வாத்தியாரும் யோசிப்பார்? அவர் நின்று பிடித்தார்.

இங்கே கண்டியைப் பற்றி நாலு வரி எழுதாமல் போக மனமில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊரைச் சுற்றிய நித்தவெல, அமுனுகம போன்ற கிராமங்களிலும் இதே மாதிரிதான். நடனமும் பெரவாயமும் பெரவா சமூகத்துக் குடும்பங்களுக்குள் தகப்பனிடமிருந்து மகனுக்கு, மாமனிடமிருந்து மருமகனுக்குப் போய்க்கொண்டிருந்தன. விகாரைக்கும் தேவாலயத்துக்கும் ஆடுவதற்காகக் காணி அனுபவித்தார்கள். காணி இருக்கும் வரை கடமையும் இருந்தது. பா சரம்ப பன்னிரண்டு, கொட சரம்ப பன்னிரண்டு, பிறகு பதினெட்டு வன்னம். எல்லாம் முடிந்து சுபவேளை பார்த்து வெஸ் கட்டும் சடங்கு. அது ஆண்களின் நடனம். பெண்கள் மேடையில் கண்டிய நடனம் ஆடத் தொடங்கியது 1930களிலும் 1940களிலும்தான். பின்னர் சித்ரசேனவின் துணைவியார் வஜிரா அதைப் பெண்ணுடலுக்கு ஏற்ற ஒரு நடனமாகவே வளர்த்தெடுத்தார். அக்கரையில் சதிரில் பெண் ஆட ஆண் கற்பித்தான். இக்கரையில் ஆணே ஆடி ஆணே கற்பித்தான். இரண்டிலும் கற்பிக்கும் இடத்தில் பெண்ணைக் காண்பது அரிது.

1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைரவிழா மாநாட்டில் அடையாற்றில் ருக்மிணி தேவி முதல் தடவையாகப் பொதுமக்கள் முன் ஆடினார். சென்னைப் பெரிய மனிதர்கள் பலர் வந்தார்கள். சிலர் எரிச்சலோடு வந்தார்கள் என்பதும் தெரிந்ததே. அடுத்த மாதமே, 1936 ஜனவரியில், ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். ஒரு மரத்தடியும் ஒரு மாணவியும்தான் ஆரம்பம் என்பார்கள். அந்த மாணவி அவருடைய சகோதரர் ஸ்ரீராமின் மகள் ராதா. இரண்டு வருடத்தில் பள்ளிக்குக் கலாக்ஷேத்ரா என்று பெயர் வந்தது.

ஒரு நடன ஆசிரியை எப்படி உருவாக வேண்டும் என்பதற்கு அந்தப் பள்ளி கொடுத்த பதில்தான் என் கட்டுரையின் நடு. அதுவரை மாணவி குருவின் வீட்டுக்குப் போவாள், அல்லது வசதியுள்ள வீட்டுக்குக் குரு வருவார். அவருக்குத் தெரிந்தது அவளுக்கு வரும். ருக்மிணி தேவி பல குருமாரை ஒரே வளவுக்குள் கொண்டுவந்து சேர்த்தார். நடனத்துக்கு மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவருடைய மருமகன் சொக்கலிங்கம் பிள்ளையும் வந்தார்கள். கௌரி அம்மாளும் வந்து கற்பித்தார். கதகளிக்குக் கேரளத்திலிருந்து அம்பு பணிக்கரும் சந்து பணிக்கரும். சங்கீதத்துக்கு டைகர் வரதாச்சாரியார், பாபநாசம் சிவன், பின்னாளில் மைசூர் வாசுதேவாச்சாரியார். இப்படிப்பட்டவர்கள் ஒரே வளவில் இருந்தால் பிள்ளைகள் வகுப்புக்கு வெளியிலேயே பாதியைக் கற்றுக்கொள்வார்கள்.

காலையில் ஆலமரத்தடியில் பிரார்த்தனை. பிறகு அடவு. நடனம் எடுப்பவளும் பாட்டுப் படிக்க வேண்டும், சாஸ்திரம் படிக்க வேண்டும், சமஸ்கிருதத்தோடு பழக்கம் வேண்டும், மற்ற நடனமொன்றையும் தெரிந்திருக்க வேண்டும். நாலு வருடம் இப்படி ஓடினால்தான் டிப்ளோமா. உடுப்பது பருத்திச் சேலை. பட்டும் பகட்டும் மேடையில் மட்டும். எமது டீச்சர் எங்களைப் பாட வைத்துவிட்டுத்தான் ஆட வைப்பார். குரல் வராத நாங்கள் முணுமுணுத்தோம். அது அவருடைய சொந்தப் பிடிவாதமல்ல, அந்த வளவின் பழக்கம் என்று இப்போது விளங்குகிறது.

இங்கே அபிநய தர்ப்பணம் என்ற நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அசம்யுத ஹஸ்தம் இருபத்தெட்டையும் நாங்கள் சுலோகமாக ஒப்புவித்தது அதிலிருந்துதான். அந்த நூலை ஆங்கிலமாக்கி 1917இல் உலகின் கண்ணில் படும்படி செய்தவர்களில் முதல்வர் ஆனந்த குமாரசுவாமி, இலங்கைத் தமிழரான சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். கனிப்பொருள் ஆய்வாளராக இந்நாட்டில் உத்தியோகம் பார்த்த காலத்தில் கண்டிப் பகுதிக் கைவினைஞரோடு பழகி, அவர்களின் கலையைப் பற்றி 1908இல் ஒரு பெரிய நூலே எழுதினார். கல்லைத் தேடி வந்தவர் கலையைக் கண்டு எழுதினார். அவருடைய எழுத்துகள் ருக்மிணி தேவியின் தலைமுறைக்குப் பெரிய ஆதாரமாயின. ஆகவே கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கமாக மட்டும் நடக்கவில்லை.

1940களின் முற்பகுதியில் சொக்கலிங்கம் பிள்ளை கலாக்ஷேத்ராவை விட்டு விலகினார். பரம்பரை நட்டுவனார் இல்லாமல் அரங்கேற்றம் எப்படி நடக்கும்? தாளத்தைக் கையில் எடுத்தவர்கள் ருக்மிணி தேவியும் அவரிடம் பயின்ற பெண்களுமே. பிற்காலத்தில் கமலாராணியின் நட்டுவாங்கம் அந்தப் பள்ளியின் அடையாளம்போல ஆனது. சாரதா ஹொஃப்மன் தலைமுறை தலைமுறையாக அடவுகளைக் கற்பித்தார். சின்ன விடயம் போலத் தெரியும். ஆனால் எமது கல்லூரி மண்டபத்தில் மேடையின் ஓரத்தில் பாய் விரித்து, தாளத்தோடு டீச்சர் உட்கார்ந்திருந்த காட்சியை நினைத்துப் பாருங்கள். பெண் நடன ஆசிரியை என்ற உத்தியோகம் பாடசாலைகளில் வேரூன்றியதற்கு அந்த நெருக்கடி ஒரு காரணம். பக்கவாத்தியக்காரரை ஆடுபவளின் பின்னால் நிறுத்தாமல் மேடையின் பக்கத்தில் உட்கார வைத்ததும் அவர் செய்த மாற்றமே.

அவர் செய்ததெல்லாம் சரியென்று எழுதினால் மலருக்கு அழகாயிருக்கும், உண்மைக்கு அழகல்ல. சிருங்காரப் பதங்களில் தமக்கு ஒவ்வாதவற்றை அவர் ஒதுக்கினார். பக்தியை முன்னுக்கு வைத்தார். தேவதாசி மரபிலேயே பிறந்த பாலசரஸ்வதிக்கு இது பிடிக்கவில்லை. சிருங்காரமே இந்தக் கலையின் உயிர், அதைக் கழுவித் துடைக்கத் தேவையில்லை என்பது அவருடைய நிலை. இன்னொன்றும் நடந்தது. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் மேடைக்கு வர வர, அந்தக் கலையைப் பசியிலும் அவமானத்திலும் காப்பாற்றி வைத்திருந்த பெண்கள் மேடையிலிருந்து மறைந்தார்கள். ருக்மிணி தேவி ஒருவர்மேல் மட்டும் அந்தப் பழியைப் போட முடியாது. கௌரி அம்மாளைத் தம் பள்ளியில் ஆசிரியையாக வைத்திருந்தவரும் அவர்தான். ஆனாலும் எங்களை ஆட அனுப்ப எங்கள் தகப்பன்மார் சம்மதித்ததற்கு வேறு யாரோ கொடுத்த விலை ஒன்று உண்டு. பரீட்சைக் குறிப்பில் அது இருக்கவில்லை.

எமது கல்லூரியிலேயே இதன் நிழல் இருந்தது. நடன அறைக்குப் பக்கத்து அறையில் சிங்களப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கண்டிய நடன வகுப்பு. நாங்கள் தெய்யா தெய்யில் நிற்கும்போது அடுத்த பக்கத்தில் கெட்ட பெர முழங்கும். எங்கள் தாளம் தவறும். அங்கே கற்பித்த மாஸ்டர் தகப்பனிடமும் மாமனிடமும் படித்தவர். சான்றிதழ் பின்னாளில்தான் வந்தது. எங்கள் டீச்சரிடம் டிப்ளோமா இருந்தது, பரம்பரை இல்லை. இடைவேளையில் இருவரும் தேத்தண்ணீரோடு நின்று, பாஷை பாதி விளங்கியும் விளங்காமலும், கையால் தாளம் போட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு பரிசளிப்பு விழாவுக்கு இரண்டு வகுப்பையும் சேர்த்து ஒரு வரவேற்பு நடனம் போட்டார்கள். அது ஒரே குழப்பம் என்றுதான் என் நினைவு. ஆனால் கைதட்டல் நிற்கவில்லை.

1945 ஓகஸ்டில் அருண்டேல் காலமானார். நாற்பத்தொரு வயதில் ருக்மிணி தேவி தனியானார். சபையோடு இருந்த பிணைப்புத் தளர்ந்தது; அடையாற்று வளவில் தொடர்ந்து இருக்க முடியாமல் போனது. திருவான்மியூரில் கடற்கரைப் பக்கம் வெறும் மணல் நிலத்தைத் தேடிப் பிடித்து, மரம் நட்டு, குடில் போட்டு, 1962இல் பள்ளியை முழுவதுமாக அங்கே கொண்டு போனார். சுமார் நூறு ஏக்கர். பணத்துக்கு அலைந்த கதைகள் ஏராளம். அங்கே நெசவுக்கூடமும் நடந்தது. மறைந்துகொண்டிருந்த பழைய கரைகளும் நிறங்களும் தறிக்குத் திரும்பின. கலாக்ஷேத்ராச் சேலை என்று எங்கள் அம்மாமார் ஆசைப்பட்டது அங்கிருந்து வந்ததுதான். தமிழுக்கும் ஒரு தொண்டு செய்தார். உ. வே. சாமிநாதையர் மறைந்தபின், அவர் சேர்த்த ஏடுகளும் நூல்களும் சிதறாமல் 1943இல் அவர் பெயரிலேயே நூல்நிலையம் அமைத்தவர் ருக்மிணி தேவி. அதேபோல மரியா மொண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியைகளைப் பயிற்றுவித்தது அருண்டேல் தம்பதியரின் அழைப்பில்தான். இன்று எங்கள் தெருவெங்கும் மொண்டிசோரிகள். பெயர் எப்படி இந்தப் பக்கம் பரவியது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லலாம்.

நாட்டிய நாடகங்கள் அவருடைய இன்னொரு பெரிய வேலை. 1944இல் குற்றாலக் குறவஞ்சி. பிறகு இராமாயணத்தை ஆறு பாகங்களாக, பல வருடங்கள் உழைத்து மேடையேற்றினார். அதன் முற்பாகங்களுக்கு இசையமைத்தவர் தொண்ணூறை நெருங்கிய வாசுதேவாச்சாரியார். எங்கள் மண்டபத்தில் டீச்சர் போட்ட சீதா சுயம்வரம் அதன் தூரத்துச் சொந்தம். வில்லை மூங்கிலில் வளைத்துத் தங்கக் கடதாசி ஒட்டினோம். இராமர் தொடுமுன்னே அது முறிந்து விட்டது. சனகர் வேடம் போட்டிருந்த தோழி இப்போது மெல்பேர்னில் இருக்கிறாள். இதை வாசித்துச் சிரிப்பாள்.

அரசியலிலும் கொஞ்சக் காலம். 1952இல் இந்திய மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே அவர் ஓயாமல் பேசியது மிருகங்களுக்காக. 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்ததற்கு அவருடைய விடாமுயற்சி முக்கிய காரணம். 1977இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவரை ஜனாதிபதிப் பதவிக்கு முன்மொழிய விரும்பினார். அவர் வேண்டாமென்று விட்டார். ஆனால் 1980இல் பிரம்மஞான சபையின் தலைமைக்குப் போட்டியிட்டார், தோற்றார். வென்றவர் அந்த மரத்தடியின் முதல் மாணவி, மருமகள் ராதா. ஒரு நாட்டின் தலைமையை விட்டவர் ஒரு சபையின் தலைமையை விடவில்லை. ஏனென்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் மனுஷி என்று தோன்றுகிறது.

இலங்கைப் பிள்ளைகள் அங்கே படிக்கப் போன கதைக்குத் தனி மலரே போடலாம். தலைமன்னார் ரயிலில் ஏறி, கப்பல் மாறி, 1964 புயல் வரை தனுஷ்கோடியிலும் அதன் பின் இராமேஸ்வரத்திலும் இறங்கி மறுபடி ரயில். டிரங்குப் பெட்டிக்குள் பருத்திச் சேலையும் பருத்தித்துறை வடையும். திரும்பி வந்தவர்கள் யாழ்ப்பாணம், கொழும்பு என்று கற்பித்து, ஒரு சிலர் மலைநாட்டுக்கும் வந்தார்கள். எங்களுக்கு வாய்த்தவர் அப்படிப்பட்டவர். இன்று அக்கரை போகாமலே இராமநாதன் பெயரிலுள்ள பீடத்திலும் மட்டக்களப்பில் விபுலாநந்தர் பெயரிலுள்ள நிறுவகத்திலும் பட்டம் பெற்று நடன ஆசிரியை ஆகலாம். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளை ஒவ்வொன்றாக ஏறியும் வரலாம். 1983க்குப் பின் ஊரைவிட்டுப் போன எமது பழைய மாணவியர் சிலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வீட்டு நிலவறையில் வகுப்பு நடத்துகிறார்கள். சலங்கைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு, விட்டுவிட்டு ஓடியவர்களும் உண்டு. அவர்களிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் முதலில் கேட்பது மாதச் சம்பளம் எவ்வளவு, அரங்கேற்றம் எப்போது என்பதாம். டீச்சர் யாரிடம் படித்தீர்கள் என்று கேட்பவர் குறைவு என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அவள் கோபத்தில்தான் இந்தக் கட்டுரை பாதி பிறந்தது.

ருக்மிணி தேவி 1986 பெப்ரவரி 24ஆம் திகதி சென்னையில் காலமானார். எண்பத்திரண்டாவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் இருந்தன. கலாக்ஷேத்ராவைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக இந்திய நாடாளுமன்றம் 1993இல் சட்டம் செய்தது. செய்தி வந்த அன்று எமது டீச்சர் வகுப்பை நிறுத்தவில்லை. வழமைபோல் தட்டுக்கழியை எடுத்தார், தட்டடவில் தொடங்கினார், முடியும் வரை ஒன்றும் பேசவில்லை.

சென்ற வருடம் சங்கக் கூட்டத்துக்குப் போனபோது நடன அறையைப் பார்த்தேன். தரைக்கு மாபிள் போட்டிருக்கிறார்கள், காலுக்குக் கூடாது. படம் அதே சுவரில் இருக்கிறது, கண்ணாடி மட்டும் புதிது. வாசலில் நின்ற ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் அது யாரென்று கேட்டேன். பழைய பிரின்சிபல் என்றாள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பெயரையும் ஆண்டுகளையும் அச்சடித்த ஒரு துண்டைச் சட்டத்தின் கீழே ஒட்டுவதாக அதிபரிடம் சொல்லியிருக்கிறேன்.